ஊசி போடாமல் திரும்பி வந்த புதன்கிழமை

தம்பி,

இதை நீ வேறு யார் மூலமாவது கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இன்று காலை நீயும் சுகந்தியும் வேலைக்குப் போன பிறகு நான் பேத்தி கவிஷாவைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அலுமாரியில் இருந்த அவளுடைய கிளினிக் கார்டையும் எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் மாதத்து ஊசியை இன்றைக்கு எப்படியும் போட்டுவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் போனேன். ஆனால் போடவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீ அவளுடைய கையையும் தொடையையும் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் பாதி வாழைப்பழத்தைத் தின்றாள், மீதியை என் சட்டையில் பூசினாள், பிறகு தூங்கிவிட்டாள்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நமக்குப் போன் ஒத்துவராது. எனக்கு ஒரு காது அறவே கேட்காது என்பது உனக்குத் தெரிந்ததுதான். போனில் நீ சொல்வதில் பாதிதான் எனக்குக் கேட்கும். கேட்காத பாதிக்கும் சேர்த்து நான் பதில் சொல்லிவிடுவேன். பிறகு நீ கத்துவாய், நானும் கத்துவேன். நேரில் பேசினால் இன்னும் மோசம். போன ஞாயிற்றுக்கிழமை கட்டுகலையில் நம் வீட்டில் நடந்ததை நினைத்துப் பார். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, நாளைக்கு மழை வரும் என்று சொல்பவன் மாதிரி, அந்த ஊசியை இப்போதைக்குப் போடவில்லை, ஒரு வயது தாண்டட்டும் என்று விட்டிருக்கிறோம் என்றாய். நான் கேட்ட வேகத்தில் குரலை உயர்த்தினேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய். உன் அம்மா நம் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டினாள். அவ்வளவு சத்தத்திலும் சுகந்தி பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அன்று நான் உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தீர்ப்பை மட்டும் சொன்னேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். நாளைக் காலை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள குண்டசாலைக்கு உங்கள் வீட்டுக்கு வரும்போது இதை உன் கையில் கொடுப்பேன். சாப்பிட்டு முடித்துவிட்டு வாசி.

நீ ஏன் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். நாலாம் மாதத்து ஊசிக்குப் பிறகு அவளுக்கு வந்த காய்ச்சலை நானும் பார்த்தேன். தொடை வீங்கிக் கல்லாக இருந்தது. எப்போதும் கையையும் காலையும் ஆட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளை அன்று உன் தோளில் துணி மாதிரிக் கிடந்தாள். த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, மருந்தைக் கொடுங்கள், பாலைக் குடிக்க விடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் அவள் சிரித்தாள். ஆனால் நீ சிரிக்கவில்லை. ஆறாம் மாதத்து ஊசிக்கும் காய்ச்சல் வந்தது, முன்பைவிடக் குறைவாக. அந்த முறை நீ கிளினிக் வாசலில் நின்றதையும், உள்ளே அவள் வீரிட்டபோது உன் முகம் போன போக்கையும் சுகந்தி என்னிடம் சொன்னாள். பிள்ளை அழுததைவிட நீ நின்ற நிலைதான் அவளைக் கலக்கியிருக்கிறது. அதன் பிறகுதான் நீ போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினாய். பயந்துபோன மனிதனுக்கு அந்தப் போன் இன்னும் பயத்தைத்தான் காட்டும். ஒன்றைப் பார்த்தால் அதே மாதிரிப் பத்தைக் கொண்டுவந்து கொட்டும். உன்னை மடையன் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளை மேல் உயிரை வைத்திருப்பவன் என்றுதான் நினைக்கிறேன். அந்த உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீ தவறான பக்கம் நிற்கிறாய் என்பதுதான் என் கவலை.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கிளினிக்கில் வரிசையாகக் கதிரைகள். எல்லாவற்றிலும் தாய்மார். மீசையோடு உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான். என் பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவள் மடியில் ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை, முகம் முழுக்கச் சுருக்கம். கவிஷாவைப் பற்றி உனக்குத் தெரியாதா, ஓர் இடத்தில் சும்மா இருப்பாளா? எட்டி அந்தப் பிள்ளையின் தொப்பியைப் பிடித்து இழுத்தாள், கன்னத்தை நக்கப் பார்த்தாள். அந்தப் பெண் கோபிக்கவில்லை, சிரித்தாள். பிறகு எங்கள் முறை வந்தது. அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி கார்டை வாங்கிப் பார்த்தார். நல்ல தமிழில், போன ஊசிக்குப் பிறகு பிள்ளைக்கு என்ன செய்தது, காய்ச்சல் எவ்வளவு நாள் இருந்தது, வலிப்பு ஏதும் வந்ததா, எந்தச் சாப்பாடாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டார். எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. வலிப்பு வரவில்லை என்று தெரியும். காய்ச்சல் எப்போது இறங்கியது என்று தெரியாது. அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தது நீ, நான் அல்ல. பிறகு அவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"அப்பா அம்மாவுக்குத் தெரியும்தானே?"

நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் என் மனசுக்குள் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். இந்த ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், லேசாகச் சிவப்புப் பொட்டுப் பொட்டாகப் போடும். நான் களவாகப் போட்டுவிட்டு வந்து, அப்படி ஒரு நாள் கவிஷாவுக்கு உடம்பு சுட்டால் நீ என்ன நினைப்பாய்? எதனால் என்று உனக்குத் தெரியாது. மறுபடி த்ரீவீல் பிடித்து ஓடுவாய். அண்மையில் ஊசி ஏதும் போட்டதா என்று டாக்டர் கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்வாய். பிள்ளை மடியில் இருக்கும்போது டாக்டரிடம் பொய் சொல்ல வைத்த குற்றம் என்னுடையதாகிவிடும். நான் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அது என்னால் முடியாது. தெரியாது மிஸ்ஸி, நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிக் கார்டை வாங்கிக்கொண்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அடுத்த கிளினிக் நாளைச் சொல்லி, கட்டாயம் வரச் சொன்னார்.

மாலையில் நம் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னதும் அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ்வளவு தூரம் போயிட்டு சும்மாவா வந்தீங்க? போட்டுட்டு வந்துருக்கலாம்ல. அவன் ரெண்டு நாளைக்குக் கத்துவான், பொறகு தானா அடங்கிருவான்." அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நீ அடங்கிவிடுவாய்தான். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் பிள்ளையை என் கையில் கொடுக்கும்போது ஒரு தரம் யோசிப்பாய். நான் அவளை எங்கே கொண்டுபோகிறேன், என்ன கொடுக்கிறேன் என்று நினைப்பாய். பென்ஷன் எடுத்த பிறகு எனக்குக் கிடைத்த பெரிய வேலை அவளைப் பார்த்துக்கொள்வதுதான். அந்த நம்பிக்கையை இழக்க எனக்கு மனமில்லை. சுயநலம் என்று சொன்னாலும் சரி.

இனி நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். என் இடது காது எப்படிப் போனது என்று நீ சின்ன வயதில் கேட்கும்போதெல்லாம் நான் ஒவ்வொரு கதை சொல்லியிருக்கிறேன். வெடிச் சத்தம் என்றேன், வாத்தியார் அறைந்தது என்றேன், ஒரு தரம் வண்டு புகுந்தது என்றும் சொன்னேன். உண்மை இவ்வளவுதான். நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்துக் காம்பிராவில் இருந்த காலத்தில், பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதற்கு முன்னால், எனக்குச் சின்னமுத்து வந்தது, டாக்டர்மார் மீசில்ஸ் என்பார்களே, இந்த ஒன்பதாம் மாதத்து ஊசி தடுக்கிற அதே நோய். லயம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வந்தது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இருமினால் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு வந்துவிடும். அந்தக் காலத்தில் எங்களுக்கு அதற்கு ஊசி கிடையாது. அம்மாள் வந்திருக்கு என்று வாசலில் வேப்பிலை கட்டினார்கள். வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளி ஆள் வரக்கூடாது, மருந்து என்ற பேச்சே எடுக்கக் கூடாது. காய்ச்சல் இறங்கி, பொட்டுகள் மங்கிக்கொண்டு வந்த நேரத்தில் எனக்குக் காதுக்குள் குத்தத் தொடங்கியது. குத்திக் குத்திப் பிறகு சீழ் வடிந்தது. தோட்டத்து மருந்துக்காரரிடம் கொண்டுபோகலாமா என்று என் அப்பா கேட்டிருக்கிறார். தண்ணீர் வார்க்கும் முன்னால் வெளியே கொண்டுபோனால் அம்மாள் கோபித்துக்கொள்ளும் என்று மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். மூன்றாம் தண்ணீர் வார்த்து, மஞ்சள் பூசி, எனக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டபோது அந்தக் காது போய்விட்டிருந்தது. நான் தப்பித்த பிள்ளை. எங்கள் லயத்தில் தப்பிக்காத பிள்ளையும் இருந்தது. அந்தக் காம்பிராவிலிருந்து கேட்ட அழுகை என்னுடைய நல்ல காதில் இன்னும் இருக்கிறது.

என்னை வளர்த்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு இருந்தது அந்த வழி ஒன்றுதான். அம்மாளையும் நான் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் தேர்த் திருவிழாவுக்கு வடம் பிடிக்கப் போகிறவன் நான். ஆனால் ஒரு காதோடு வாழ்வது என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டும். சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. மாநகரசபையில் தண்ணீர் மீட்டர் பார்க்கப் போன காலத்தில் நாய் குரைக்கும். எந்தப் பக்கம் குரைக்கிறது என்று தெரியாமல், தப்பித்து ஓடுவதாக நினைத்துக்கொண்டு நேராக நாயிடமே ஓடியிருக்கிறேன். அதைச் சொல்லி உன் அம்மா இன்றைக்கும் சிரிப்பாள். ஆனால் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் தெருவைக் கடக்கும்போது அவள்தான் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள், அப்போது சிரிக்க மாட்டாள். போன மாதம் நான் ஒன்றைக் கவனித்தேன். கவிஷா தரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவள் பெயரைச் சொன்னேன். சட்டென்று திரும்பி நேராகக் கதவைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய்க் கூப்பிட்டேன், ஜன்னலைப் பார்த்தாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து முடியாத ஒன்றை, ஒன்பது மாதப் பிள்ளை விளையாட்டாகச் செய்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இந்த விளையாட்டை விளையாடுகிறோம். அதைப் பார்த்தவனால் ஒரு வயது தாண்டட்டும் என்று சொல்ல முடியாது.

இயற்கையாக நோய் வந்து கிடைக்கிற எதிர்ப்புச் சக்திதான் நல்ல சக்தி என்று நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். சக்தி கிடைக்கும் என்பது பொய்யில்லை. எனக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு சின்னமுத்து என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஆனால் அந்தச் சக்திக்கு நான் ஒரு காதைக் கொடுத்தேன். ஊசி அதே பாடத்தை உடம்புக்குச் சொல்லிக் கொடுக்கிறது, நோயை முழுதாக வர விடாமல். சுகந்தி தாய்ப்பால் கொடுக்கிறாள், அது போதாதா என்றும் கேட்டாய். தாய்ப்பால் நல்லதுதான், கட்டாயம் கொடுக்கட்டும். ஆனால் இந்த நோய்க்கு எதிராகத் தாயின் வயிற்றிலிருந்து பிள்ளை கொண்டுவந்த பாதுகாப்பு மெல்ல மெல்லக் கரைந்து, இந்த வயதில் கிட்டத்தட்டத் தீர்ந்துபோகும். அதைப் பார்த்துத்தான் இந்த மாதத்தை வைத்திருக்கிறார்கள். நீ தள்ளிப் போடுகிற நாட்களில் அவளிடம் பழைய காவலும் இல்லை, புதிய காவலும் இல்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுக்கலாம் என்று உன் அம்மா அடுத்துச் சொல்வாள். சளி தடிமனுக்கு நானும் குடிக்கிறேன், இதமாக இருக்கிறது. சின்னமுத்துக்கு அது வாசனை மட்டும்தான்.

ஒரே ஊசியில் மூன்று நோய்க்கு மருந்து, அந்தச் சின்ன உடம்பு தாங்குமா என்ற உன் கேள்வி எனக்கும் இருந்தது. முன்பு ஒரு தரம் அவளோடு கிளினிக்குக்குப் போனபோது அங்கே இருந்த டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். அவர் என்னிடம், பிள்ளை தவழுகிறாளா என்று திருப்பிக் கேட்டார். தவழுகிறாள், என் செருப்பை நக்குகிறாள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அந்தச் செருப்பில் இருக்கும் கிருமிகளோடு ஒப்பிட்டால் ஊசியில் இருப்பது ஒன்றுமே இல்லை என்றார். ஊசி போட்ட பிள்ளைகளுக்குப் பேச்சு நின்றுபோகும் என்று நீ பார்த்த வீடியோவைப் பற்றியும் கேட்டேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. பல நாடுகளில் நிறையப் பிள்ளைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், இந்த ஊசிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்றுதான் தெரிந்தது என்று பொறுமையாகச் சொன்னார். பேச்சில் குறை இருப்பது பெற்றோர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் வயதும் இந்த ஊசிகள் போடும் வயதும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது என்றார். நான் படித்தவன் இல்லை, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் வார்த்தையை நம்ப வேண்டாம். நீயே போய்க் கேள். உன் மனசில் இருப்பதை எல்லாம், வெட்கப்படாமல், அந்த வீடியோவையே காட்டிக் கேள்.

இந்த நோய் இப்போது எங்கே இருக்கிறது என்றும் கேட்டாய். நானும் ஒழிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். கிளினிக்கில் சொன்னார்கள், கொஞ்ச காலத்துக்கு முன்னால் மறுபடி தலைகாட்டியதாம். ஊசி போடாமல் விட்ட பிள்ளைகளையும், ஊசி போடும் வயது வராத சின்னஞ்சிறுசுகளையும்தான் அதிகமாகப் பிடித்ததாம். அதைக் கேட்டதிலிருந்து பஸ்ஸில் யாராவது இருமினால் நான் கவிஷாவின் முகத்தை என் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன். தோள் எதைத் தடுக்கும்? இருமியவன் இறங்கிப் போன பிறகும் அந்தக் காற்றில் கிருமி இருக்குமாம்.

எங்களுக்கும் உன்னைப் போலப் பயம் இருந்தது. உனக்கு ஒன்பதாம் மாதத்தில் இந்தச் சின்னமுத்து ஊசி போட்டோம். ஒரு வாரம் போனதும் உன் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புப் பொட்டுகள், உடம்பும் சுட்டது. என்னுடைய காதுக் கதை எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அம்மாள் வந்துவிட்டது என்று நானே ஓடிப்போய் வேப்பிலை ஒடித்து வந்து கட்டினேன். மறுநாள் வழக்கம் போல வீடு வீடாகப் பிள்ளைகளைப் பார்க்க வந்த மிஸ்ஸியை வாசல் கேற்றுக்கு வெளியிலேயே நிறுத்தி, உள்ளே வரக்கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று, இது ஊசியால் வருவது, இரண்டு மூன்று நாளில் போய்விடும், மற்றவர்களுக்குத் தொற்றாது என்று சொன்னார். நான் நம்பவில்லை. வீட்டில் தாளிப்பை நிறுத்தினோம். நீயோ, கதவில் தொங்கிய வேப்பிலையை எட்டிப் பிடித்துக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, மறுபடியும் கடித்தாய். அவர் சொன்ன மாதிரியே பொட்டு மறைந்தது. அதோடு விட்டோமா? அம்மாள் ஒரு தரம் வந்து போய்விட்டது, இனி எதற்கு ஊசி என்று அடுத்ததைத் தள்ளிப் போட்டோம். அந்த மிஸ்ஸி மாதக்கணக்கில் கேற்றுக்கு வந்து வந்து கேட்டு, கடைசியில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆகவே தள்ளிப் போடுகிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. கவிஷாவுக்கும் அப்படிப் பொட்டுப் போட்டால் பயப்படாதே. கடுமையாக இருந்தால் டாக்டரிடம் காட்டு. வேப்பிலை மட்டும் தேடாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ சோறு தின்னாமல் அடம்பிடிக்கும்போது, மிஸ்ஸி வருவார், பெரிய ஊசியாகப் போடுவார் என்று நான் உன்னை வெருட்டுவேன். நம் தெருவில் எல்லா அப்பாமாரும் அதைத்தான் செய்தோம். பிறகு கிளினிக் வாசலில் வைத்து, வலிக்கவே வலிக்காது என்று பச்சைப் பொய் சொல்லி உள்ளே தூக்கிக்கொண்டு போவேன். வெளியே வரும்போது நீ என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அப்பப்பா. இன்றைக்கு இவ்வளவு பெரிய ஆளாகியும் கிளினிக் வாசலைத் தாண்ட முடியாமல் நீ நிற்கிறாய் என்றால் அதில் என் பங்கும் இருக்கிறது. கவிஷாவிடம் அப்படிச் செய்யாதே. வளர்ந்த பிறகு கேட்டால், வலிக்கும், கொஞ்ச நேரம்தான், நான் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்.

இன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சிங்களப் பெண்ணின் பிள்ளையை நான் வீட்டுக்கு வந்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு இந்த ஊசி போட இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு என்ன காவல்? பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள்தான். நம் பிள்ளை அதன் கன்னத்தை நக்கப் போனபோது அந்தத் தாய் பிள்ளையை இழுத்துக்கொள்ளாமல் சிரித்தாளே, நம் பிள்ளைக்குப் போட வேண்டியதை எல்லாம் போட்டிருப்போம் என்று நம்பித்தான் அப்படிச் சிரித்தாள். என்னால் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உன்னைச் செய்யச் சொல்வது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. போவதற்கு முன்னால் அவளுக்கு நல்ல காய்ச்சல் இருந்தால் மிஸ்ஸியிடம் சொல். லேசான தடிமன் என்றால் அதற்காக நிறுத்த வேண்டியதில்லை, அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். முன்பு வந்த காய்ச்சலைப் பற்றி உனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல். என்னால் சொல்ல முடியாமல் போனது அதுதான். போட்டதும் உடனே ஓடிவராதே, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள், உட்கார். வீட்டில் காய்ச்சல் மருந்து எவ்வளவு கொடுப்பது என்று அவளுடைய நிறையைச் சொல்லிக் கேட்டுக்கொள், நீயாக அளக்காதே. சுகந்தியையும் கூட்டிக்கொண்டு போ. அவள் உன்னைவிடத் தைரியசாலி, ஆனால் உன் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருக்கிறாள்.

எனக்கு இப்போது பயமாகத்தான் இருக்கிறது, தம்பி. ஊசியை நினைத்து அல்ல. இதை வாசித்துவிட்டு நீ மறுபடியும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விடுவாயோ என்று பயம். இடையில் ஒரு நாள் யாரோ ஒருவர் பஸ்ஸில் இருமிவிடுவாரோ என்று பயம். அந்தப் பிள்ளையை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. உன்னையும்தான், உனக்கு அதை நான் சொன்னதே இல்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். உன் அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன், அவள் ஒரு வார்த்தையும் எதிர்த்துச் சொல்லவில்லை என்பது ஆச்சரியம்தான். அடுத்த கிளினிக் புதன்கிழமை நான் குண்டசாலைக்கு வர மாட்டேன். காய்ச்சல் என்றும் சொல்ல மாட்டேன், மூட்டு வலி என்றும் சொல்ல மாட்டேன். சும்மாதான் வர மாட்டேன். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாமல் நீ பல்லேகலயில் உன் வேலைத்தலத்தில் லீவு கேட்டுத்தான் ஆக வேண்டும். அன்றைக்கு வீட்டில் நீயும் பிள்ளையும், லீவு கிடைத்தால் சுகந்தியும். கிளினிக் கார்டு அலுமாரியில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போவதும் போகாததும் உன் கையில். போனால் மாலையில் ஒரு போன் அடி, சத்தமாகப் பேசு. போகவில்லை என்றாலும் அடி, நான் கத்த மாட்டேன். இரண்டில் எதுவானாலும் வியாழக்கிழமை காலை வழக்கமான பஸ்ஸில் வந்து, உன் கையிலிருந்து அவளை வாங்கிக்கொள்வேன்.

அப்பா